இத்தாலியச் சிவப்பு ஒயின்: சுவைப்பது, வைத்திருப்பது, திறப்பது – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பல பதில்களில் பரோலோ வந்துகொண்டே இருக்கும். நான் அதிகம் குடித்ததும், நீண்ட காலம் வைத்திருந்து பார்த்ததும் அந்த ஒயினைத்தான்.

இத்தாலியச் சிவப்பு ஒயின் எதை வாங்கினாலும், வைக்க வைக்க நன்றாகுமா?

ஆகாது. இத்தாலியில் செய்யப்படும் சிவப்பு ஒயினில் மிகப் பெரும்பகுதி, கடைக்கு வந்த இரண்டு மூன்று வருடத்துக்குள் குடித்து முடிக்க வேண்டியது. தொல்ச்செத்தோ, பர்தொலீனோ, சாதாரண வல்பொலிச்செல்லா, விலை குறைந்த கியாந்தி, நுரைக்கும் லம்ப்ரூஸ்கோ ஆகியவற்றின் அழகே புதுப்பழ வாசனைதான். பத்து வருடம் பூட்டி வைத்தால் அந்தப் பழம் போய்விடும். அதன் இடத்துக்கு வேறு எதுவும் வராது. யாரோ அன்பளிப்பாகக் கொடுத்த பாட்டிலை "இருக்கட்டும், பழசானா நல்லது" என்று ஷோகேஸில் வைத்திருக்கிறீர்களா? இந்த வாரமே திறந்துவிடுங்கள்.

சரி, எவற்றை வைக்கலாம்?

வடமேற்கே பியெமோந்தே மாநிலத்தின் பரோலோ, பார்பரெஸ்கோ. தொஸ்கானாவின் புருனெல்லோ தி மோந்தால்சீனோ, நல்ல கைகளில் உருவான கியாந்தி கிளாசிகோ ரிசெர்வா, கடலோரம் போல்கெரியின் சஸிக்காயா போன்ற, கேபர்னே திராட்சையில் செய்த ஒயின்கள். வெரோனாவுக்குப் பக்கத்தில் அமரோனே. தெற்கே கம்பானியாவின் தவ்ராசி. சிசிலியில் எத்னா எரிமலைச் சரிவில் விளையும் நெரெல்லோ மஸ்கலேசே.

நல்ல வருடத்துப் பரோலோவும் புருனெல்லோவும் இருபது முப்பது வருடம் தாங்கும். பார்பரெஸ்கோவுக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவு, கியாந்தி கிளாசிகோ ரிசெர்வாவுக்குப் பெரும்பாலும் பத்துப் பதினைந்து வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தவ்ராசியைப் பலரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். மஸ்த்ரொபெரார்தீனோ என்ற ஒயின் தயாரிப்பு வீட்டின் 1968 தவ்ராசி இன்றும் தென் இத்தாலியின் பெருமையாகப் பேசப்படுகிறது.

பரோலோ என்பது திராட்சையின் பெயரா, ஊரின் பெயரா?

ஊரின் பெயர். திராட்சையின் பெயர் நெப்பியோலோ. ஆல்பா நகரத்துக்குத் தெற்கே லாங்கே என்ற குன்றுப் பகுதியில், பரோலோ, லா மோர்ரா, காஸ்தில்யோனே ஃபல்லெத்தோ, செர்ரலுங்கா, மோன்ஃபோர்தே உள்ளிட்ட 11 ஊர்களின் எல்லைக்குள், நெப்பியோலோவை மட்டுமே கொண்டு செய்தால்தான் பரோலோ என்று எழுத முடியும். வேறு திராட்சை ஒரு சொட்டுக்கூடச் சேரக்கூடாது.

நெப்பியா என்றால் இத்தாலிய மொழியில் மூடுபனி. திராட்சையின் பெயர் அதிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். மற்றத் திராட்சைகளை எல்லாம் பறித்து முடித்து, குன்றுகளுக்கு இடையே பனி இறங்கும் அக்டோபரில்தான் இது பழுக்கும். முதலில் துளிர்த்து, கடைசியில் பழுக்கிற பிடிவாதமான கொடி. அதனால்தான் குன்றின் நல்ல வெயில் முகத்தை இதற்கு ஒதுக்கிவிட்டு, மற்ற இடங்களில் பர்பேராவும் தொல்ச்செத்தோவும் நடுகிறார்கள். இந்தத் தோட்ட நிலப்பரப்பை 2014இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

பரோலோ வாங்கிக் குடித்தேன். வாயெல்லாம் வறண்டு, பல் கூசியதுபோல் ஆகிவிட்டது. கெட்டுப்போன பாட்டிலா?

இல்லை. நீங்கள் உணர்ந்தது துவர்ப்பு. ஒயின்காரர்கள் டானின் என்று சொல்வதற்கு நம்மிடம் பழைய சொல் இருக்கிறது, அறுசுவையில் ஒன்றாகவே வைத்திருக்கிறோம். பெருநெல்லிக்காயைக் கடிக்கும்போதும், கொட்டைப்பாக்கை மெல்லும்போதும், வாழைப்பூவைச் சரியாக ஆயாமல் சமைத்துவிட்டபோதும் நாக்கு இழுத்துப் பிடிக்குமே, அதேதான். திராட்சைத் தோலிலும் விதையிலும் உள்ள இந்தப் பொருள் உமிழ்நீரில் இருக்கும் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. வழுவழுப்பு போய், வாய் வறண்ட உணர்வு வருகிறது.

நெப்பியோலோவில் துவர்ப்பும் அதிகம், புளிப்பும் அதிகம். நிறம் மட்டும் வெளிறியிருக்கும். பார்க்க லேசாகத் தெரிகிறதே என்று ஒரு பெரிய மிடறு குடித்தவர்கள் அதிர்ந்துபோவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இளம் பரோலோவில் இந்தத் துவர்ப்பு இருக்கத்தான் வேண்டும். வருடக் கணக்கில் வைக்க முடிவதற்கு முக்கியக் காரணமே அதுதான்.

அதே சமயம், துவர்ப்பு இருந்துவிட்டால் மட்டும் போதாது. உள்ளே பழமும் இருக்க வேண்டும். பழம் இல்லாத துவர்ப்பு ஒயின் இருபது வருடம் கழித்தும் பழம் இல்லாத துவர்ப்பு ஒயினாகவே இருக்கும்.

பாட்டிலுக்குள் வருடக் கணக்கில் அப்படி என்னதான் நடக்கிறது?

துவர்ப்புப் பொருளின் சிறு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோர்த்துக்கொள்கின்றன, நிறமிகளோடும் சேர்கின்றன. பெரிதானவற்றில் ஒரு பகுதி கரைந்திருக்க முடியாமல் வண்டலாக அடியில் தங்கிவிடும். அதனால்தான் பழைய ஒயினில் நிறம் குறைகிறது, துவர்ப்பு மென்மையாகிறது, பாட்டிலின் அடியில் கறுப்பாகப் பொடி சேர்கிறது. கார்க் வழியாக மிக மிகக் குறைந்த அளவில் நுழையும் ஆக்சிஜனும் இதில் பங்கெடுக்கிறது.

வாசனையும் மாறும். புதுப்பழ வாசனை அடங்கி, காய்ந்த பழம், காய்ந்த பூ, இலைச்சருகு, காளான், தோல், புகையிலை என்று வேறு அடுக்குகள் மேலே வரும். புளிப்பு மட்டும் பெரிதாகக் குறையாது. பழைய ஒயினை நிமிர்த்தி வைத்திருப்பது அந்தப் புளிப்புதான்.

வருடம் போட்டு வைத்த புளியை நினைத்துப் பாருங்கள். புதுப்புளியின் கூர்மை தணிந்து, நிறம் கறுத்து, ஆழம் கூடியிருக்கும். வேதியியல் வேறு என்றாலும், நாக்குக்குக் கிடைக்கிற மாற்றம் அந்தத் திசையில்தான் போகிறது.

முறையாகச் சுவைப்பது எப்படி? குடிப்பதற்கும் சுவைப்பதற்கும் என்ன வித்தியாசம்?

கவனம்தான் வித்தியாசம். கோப்பையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவாக ஊற்றுங்கள். வெள்ளைத் தாளுக்கு மேல் சாய்த்து, ஓரத்தைப் பாருங்கள். இளம் சாஞ்சொவேசே (புருனெல்லோ, கியாந்தியின் திராட்சை) மாணிக்கச் சிவப்பாக இருக்கும். நெப்பியோலோவின் ஓரம் ஐந்தாறு வருடத்திலேயே செங்கல் நிறத்துக்கு வந்துவிடும். வேறு ஒயினில் அந்த நிறத்தைப் பார்த்தால் வயதாகிவிட்டது என்று சொல்லலாம். பரோலோவில் அப்படி முடிவு கட்டினால் ஏமாந்துபோவீர்கள்.

அடுத்து, கோப்பையைச் சுழற்றும் முன்பே ஒருமுறை முகருங்கள். மென்மையான வாசனைகள் இந்த முதல் முகர்வில்தான் பிடிபடும். பிறகு சுழற்றி மறுபடி முகருங்கள். பெயர் தேடி அலைய வேண்டாம். பழமா, பூவா, மண்ணா, மரமா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், போதும்.

வாயில் எடுத்ததும் விழுங்கிவிடாமல் நாலைந்து நொடி உருட்டுங்கள். நாக்கின் ஓரத்தில் எச்சில் ஊறினால் அது புளிப்பு. ஈறும் கன்னத்தின் உட்புறமும் இறுகினால் துவர்ப்பு. தொண்டையில் சூடு தெரிந்தால் ஆல்கஹால். பரோலோவுக்குச் சட்டப்படி குறைந்தது 13 சதவீதம், இப்போது 14க்கு மேல் சாதாரணம். இந்த மூன்றையும் தனித்தனியாக உணரப் பழகுவதுதான் முக்கால்வாசிப் பாடம். துவர்ப்பின் அளவோடு அதன் இழையையும் கவனியுங்கள். சிலவற்றில் கோணிச் சாக்குபோல் உரசும், சிலவற்றில் பட்டுபோல் படியும். முதிர முதிர முதல் வகை இரண்டாவது வகையை நோக்கிப் போகும்.

விழுங்கிய பிறகு வாசனை எவ்வளவு நேரம் வாயில் நிற்கிறது என்று எண்ணுங்கள். நல்ல பரோலோ அரை நிமிடத்துக்கு மேல் நிற்கும். நான்கைந்து ஒயின்களை வரிசையாகச் சுவைப்பதென்றால் துப்பிவிடுங்கள். இத்தாலியிலும் அப்படித்தான் செய்கிறார்கள், யாரும் தவறாக நினைப்பதில்லை.

தார், ரோஜா என்றெல்லாம் எழுதுகிறார்களே, எனக்கு எதுவுமே தெரியவில்லை?

அந்த வர்ணனைகளை எழுதியவர்கள் தங்கள் சமையலறையிலும் காட்டிலும் முகர்ந்ததை வைத்து எழுதினார்கள். நம் மூக்குக்கு நம் பட்டியல் வேண்டும். நெப்பியோலோவின் ரோஜாவை நான் பன்னீர் ரோஜா என்றே சொல்வேன்: இளம் ஒயினில் காலையில் பறித்தது, பழைய ஒயினில் பூமாலையில் இருந்து கழற்றி மறுநாள் பார்க்கிற காய்ந்த இதழ். தார் என்றால் வெயிலில் புதிதாகப் போட்ட சாலையேதான், ஆனால் தூரத்தில் இருந்து வருவது. லிக்கோரிஸ் என்று அவர்கள் எழுதுவது நம் அதிமதுரம். அதை நாட்டுமருந்துக் கடையில் வாங்கி ஒரு துண்டு மென்றுவிட்டுக் கோப்பையை முகர்ந்தால் சட்டென்று பிடிபடும். சாஞ்சொவேசேயில் புளிப்புச் செர்ரி, தக்காளி இலையைக் கசக்கிய வாசனை, காய்ந்த மூலிகை. முதிர்ந்த ஒயின்களில் மழை பெய்து ஓய்ந்த தோப்பின் சருகு.

ஒரு குறிப்பேடு வைத்துக்கொண்டு உங்கள் சொற்களிலேயே எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து எடுத்துப் படித்தால், எவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள் என்பது தெரியும்.

லேபிளில் இருக்கும் வருடம் எதைக் குறிக்கிறது? ரிசெர்வா என்றால்?

திராட்சை பறித்த வருடம். ஒயின் கடைக்கு வந்த வருடம் அல்ல. பரோலோவை, பறித்த வருடத்தின் நவம்பர் 1இல் இருந்து குறைந்தது 38 மாதம் முதிரவைக்க வேண்டும். அதில் 18 மாதம் மரப்பீப்பாயில். 2016இல் பறித்தது 2020 தொடக்கத்தில்தான் விற்பனைக்கு வரும். பார்பரெஸ்கோவுக்கு 26 மாதம், மரத்தில் 9. ரிசெர்வா என்பது இன்னும் நீண்ட காலம் முதிரவைத்தது: பரோலோவில் 62 மாதம், பார்பரெஸ்கோவில் 50. புருனெல்லோ, பறித்த வருடத்துக்குப் பிந்தைய ஐந்தாம் வருடம் ஜனவரியில் வெளிவரும், ரிசெர்வா ஆறாம் வருடம். பரோலோவும் புருனெல்லோவும் டி.ஓ.சி.ஜி. என்ற உயர்தகுதியை 1980இல் பெற்றன.

ரிசெர்வா என்றால் கட்டாயம் மேலானது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தச் சொல் காலத்துக்கு உத்தரவாதம், சுவைக்கு அல்ல. ரிசெர்வாவே செய்யாத மிகச் சிறந்த வீடுகள் லாங்கேயில் இருக்கின்றன.

எந்த வருடம் நல்ல வருடம்?

பரோலோவில் 1989, 1990, 1996, 2001, 2004, 2006, 2010, 2013, 2016 ஆகியவை வைத்துக் குடிக்க ஏற்றவை என்று பெயர் பெற்றவை. 1996, 2006 இரண்டும் இறுக்கமானவை, வாய் திறக்க வெகுகாலம் எடுத்தவை. 2002இல் மழையும் ஆலங்கட்டியும் தோட்டங்களை நாசமாக்கின. பலர் அந்த வருடம் தங்கள் முதல்தர ஒயினைச் செய்யவே இல்லை. 2003, 2017 கடும் வெயில் வருடங்கள்.

ஆனாலும் நல்ல விவசாயியின் சுமாரான வருடத்தை, சுமாரான விவசாயியின் மகத்தான வருடத்துக்கு மேலாக வாங்குவேன். 2014 மழை வருடம்; விலையும் இறங்கியது. அக்கறையோடு கெட்ட பழத்தைக் கழித்துக் கட்டியவர்களிடம் அந்த வருடமும் மெலிந்த, மணமுள்ள, அழகான பரோலோ வந்தது. முப்பது வருடம் நிற்காது என்பது உண்மைதான். பத்து வருடத்தில் குடிக்க அருமையாக இருந்தது.

ஊருக்கு ஊர் பரோலோ மாறுமா, இல்லை அது விற்பனைப் பேச்சா?

நிச்சயம் மாறும். மேற்கே லா மோர்ரா, பரோலோ ஊர்ப்பக்கம் இருப்பது நீலச் சாயலுள்ள சுண்ணாம்புக் களிமண். அங்கே விளைவது மணம் முந்திக்கொண்டு வரும், துவர்ப்பு மென்மையாக இருக்கும், பெரும்பாலும் முன்னதாகவே திறந்துகொள்ளும். கிழக்கே செர்ரலுங்கா, மோன்ஃபோர்தே பக்கம் மண் இன்னும் பழமையானது, மணற்கல் அடுக்குகள் கலந்தது. அந்த ஒயின்கள் எலும்பும் நரம்புமாக நிற்கும், காத்திருக்கச் சொல்லும்.

2010இல் இருந்து தோட்டக் குன்றுகளின் எல்லைகளை அதிகாரபூர்வமாக வகுத்து, அந்தப் பெயர்களை லேபிளில் எழுத அனுமதிக்கிறார்கள். கன்னூபி, புருனாத்தே, ரோக்கே தெல்லஅனுன்சியாத்தா, விஞ்ஞா ரியோந்தா என்று பார்க்கிற பெயர்கள் அவைதான். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. லா மோர்ராவில் ஒன்று, செர்ரலுங்காவில் ஒன்று, ஒரே வருடத்தில் வாங்கி அடுத்தடுத்து வைத்துக் குடித்துப் பாருங்கள். புத்தகம் சொல்லித்தராததை அந்த ஒரு மாலை சொல்லித்தரும்.

பெரிய பீப்பாய், சின்ன பீப்பாய் என்று ஒரு சண்டை நடந்ததாமே?

நடந்தது, வீட்டுக்குள்ளேயே நடந்தது. லாங்கேயின் பழைய வழக்கம், பல ஆயிரம் லிட்டர் கொள்ளும் போத்தே என்ற பெரிய மரப்பீப்பாயில் வருடக் கணக்கில் வைப்பது; அதற்கு முன் தோலோடு ஒரு மாதமோ அதற்கு மேலோ ஊறவைப்பது. 1980களில் ஓர் இளம் தலைமுறை பிரான்சின் பூர்கோன் பகுதிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, 225 லிட்டர் கொள்ளும் பாரிக் என்ற சின்னப் புது ஓக் பீப்பாய்க்கும், சில நாள் ஊறலுக்கும் மாறியது. அந்தத் தலைமுறையைச் சேர்ந்த எலியோ அல்த்தாரே 1983இல் தன் தந்தையின் பழைய பீப்பாய்களை மின்ரம்பத்தால் அறுத்தார். தந்தை அவரை மன்னிக்கவில்லை, சொத்திலும் சேர்க்கவில்லை. மறுபுறம், பழைய வழக்கத்தை விடாத பரோலோ தயாரிப்பாளர் பர்த்தோலோ மஸ்கரெல்லோ "பாரிக் வேண்டாம், பெர்லுஸ்கோனி வேண்டாம்" என்று கையால் வரைந்து லேபிளாகவே ஒட்டினார் (பெர்லுஸ்கோனி அன்றைய இத்தாலிய அரசியல் தலைவர்).

இன்று சண்டை ஓய்ந்துவிட்டது. சின்னப் பீப்பாய்க்காரர்கள் புது மரத்தைக் குறைத்தார்கள். பெரிய பீப்பாய்க்காரர்கள் பாதாள அறையைச் சுத்தமாக்கினார்கள். என் மனம் பெரிய பீப்பாய்ப் பக்கம்தான். புது ஓக்கின் வனிலா வாசனை நெப்பியோலோவின் ரோஜாவை மூடிவிடுகிறது. நீண்ட காலம் வைத்த சில பாரிக் பரோலோக்களில் பழம் போன பிறகும் மரம் மட்டும் மிஞ்சியிருந்ததைச் சுவைத்திருக்கிறேன்.

எப்போது திறக்க வேண்டும் என்று எப்படித் தெரியும்?

எல்லாரும் ஒரு எண்ணை எதிர்பார்த்துக் கேட்கும் கேள்வி இது. எட்டு வருடம், பதினைந்து வருடம் என்று அட்டவணைகள் கிடைக்கும். அவை உங்கள் பாட்டிலையும் அறியா, உங்கள் நாக்கையும் அறியா. நான் நம்பும் வழி ஒன்றுதான்: ஒரே ஒயினில் ஒன்று வாங்காமல் ஆறு வாங்குங்கள். ஆறு முடியாவிட்டால் மூன்று. இடைவெளி விட்டுத் திறந்து பாருங்கள்.

செர்ரலுங்கா ஊரின் 2006 பரோலோவில் ஆறு பாட்டில் வாங்கி, 13 டிகிரியில் வைத்தேன். 2011இல் முதல் பாட்டில்: ரோஜா, செர்ரி, கூடவே ஈறைக் கட்டிப்போடும் துவர்ப்பு. 2013இல் இரண்டாவது: ஒன்றுமே இல்லை. வாசனை அடைத்துக் கிடந்தது, துவர்ப்பு மட்டும் நின்றது. தப்பான ஒயினில் பணம் போட்டுவிட்டோம் என்றே நினைத்தேன். இப்படி நடுவில் சில வருடம் வாய்மூடிக் கிடப்பது இவ்வகை ஒயின்களின் இயல்பு என்பதைச் சொன்னவர்கள் இருந்தார்கள்; ஆனால் நானே குடித்துப் பார்த்தபோதுதான் அது மனதில் பதிந்தது. 2016இல் மெல்ல மணம் திரும்பியது. 2019இல் அதிமதுரம், காய்ந்த ரோஜா, ஈரச்சருகு எல்லாம் சேர்ந்து, துவர்ப்பு பட்டாகி, கோப்பையை வைக்க மனம் வரவில்லை. 2022இல் இன்னும் அமைதியாக, இன்னும் நீளமாக இருந்தது. ஒரு பாட்டில் இன்னும் இருக்கிறது.

ஒரே ஒரு பாட்டில் வாங்கி 2013இல் திறந்திருந்தால், பரோலோவைப் பற்றி நான் வேறு ஏதோ சொல்லிக்கொண்டிருப்பேன்.

அப்புறம், பழைய ஒயின் எல்லாருக்கும் பிடித்தே ஆக வேண்டும் என்று இல்லை. காளானும் சருகும் பிடிக்காமல், பழம் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஆறு ஏழு வருடத்திலேயே திறப்பது சரியான முடிவுதான்.

வீட்டில் எப்படி வைப்பது? நம் ஊர் வெயில் தாங்குமா?

தாங்காது. 12இல் இருந்து 14 டிகிரி, 60–70 சதவீத ஈரப்பதம், இருட்டு, அசைவின்மை என்பவை லாங்கேயின் பாதாள அறைகளில் இயல்பாகவே கிடைக்கின்றன. சென்னையிலோ மதுரையிலோ மே மாதத்து அலமாரிக்குள் 35 டிகிரி இருக்கும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் வேதிவினைகள் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகம் எடுக்கும். அப்படியானால் சீக்கிரம் முதிருமே என்று கேட்பார்கள். அது முதிர்ச்சி ஆகாது, வெந்துபோவது. ஒரே கோடையில் ஒயின் ஜாம்போலாகி, பூ வாசனையெல்லாம் அழிந்துவிடும்.

ஒயினுக்கென்றே விற்கும் குளிர்பெட்டி ஒன்று வாங்குவதுதான் வழி. 13 டிகிரியில் வைத்துவிட்டு மறந்துவிடலாம். மின்சாரம் அடிக்கடி போகும் இடமென்றால் இன்வெர்ட்டர் இணைப்பு கொடுங்கள். வீட்டுச் சாதாரண பிரிட்ஜில் சில வாரங்கள் வைக்கலாம்; வருடக் கணக்கில் வைத்தால் கார்க் உலர்ந்துபோகும். படுக்கவைத்தே வையுங்கள். கார்க் நனைந்திருந்தால்தான் காற்றை அடைக்கும்.

வாங்கும் கடையையும் கவனியுங்கள். ஒருமுறை நல்ல பெயருள்ள புருனெல்லோ ஒன்றை ஆசையாக வாங்கி வந்தேன். கடையில் சுட்டெரிக்கும் விளக்குக்கு நேர் கீழே நிறுத்தி வைத்திருந்தார்கள். கார்க் ஒரு நூல் அளவு வெளியே தள்ளியிருந்ததையும், உறைக்கு அடியில் பிசுபிசுப்பு இருந்ததையும் வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். கோப்பையில் வேகவைத்த பழம்தான் இருந்தது. அன்றிலிருந்து கார்க்கின் மேல் விரல் வைத்துப் பார்க்காமல் விலையுயர்ந்த பாட்டில் எதையும் வாங்குவதில்லை. பழைய பாட்டில் என்றால் ஒயின் எந்த மட்டத்தில் நிற்கிறது என்றும் பாருங்கள். கழுத்தைத் தாண்டித் தோள்வரை இறங்கியிருந்தால் காற்று நுழைந்திருக்க வாய்ப்பு அதிகம்.

கெட்டுப்போன பாட்டிலை எப்படிக் கண்டுபிடிப்பது?

நனைந்த அட்டைப்பெட்டி, பூசணம் பிடித்த கோணி வாசனை வந்தால் கார்க் பழுது. டி.சி.ஏ. என்ற பொருள் கார்க்கில் இருந்து இறங்கியிருக்கிறது; எவ்வளவு நேரம் காற்றில் வைத்தாலும் போகாது. லேசாக இருந்தால் கெட்ட வாசனை தெரியாது, பழம் மட்டும் ஊமையாகிவிடும். இதுதான் ஏமாற்றும். நறுக்கி வைத்த ஆப்பிள் வாசனையும் பழுப்பு நிறமும் வந்தால் காற்றுப் பட்டது. நெயில் பாலிஷ் நெடி தூக்கலாக இருந்தால் வினிகர்ப் பக்கம் போய்விட்டது. அடியில் வண்டல் இருப்பதும், கார்க்கில் கண்ணாடித் துகள்போல் படிகங்கள் ஒட்டியிருப்பதும் பழுது அல்ல.

திறக்கும் நாளில் என்ன செய்வது?

இளசையும் பழசையும் ஒரே மாதிரி நடத்தக்கூடாது. பத்து வருடத்துக்கு உட்பட்ட பரோலோவை அகன்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றி இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள். காற்றுப் பட்டு மணம் விரியும்.

இருபது வருடத்துப் பாட்டிலை இரண்டு நாள் முன்பே நிமிர்த்தி வையுங்கள், வண்டல் அடியில் இறங்கட்டும். கார்க் நொறுங்கலாம், மெதுவாக இழுங்கள். கழுத்துக்குப் பின்னால் ஒரு டார்ச் விளக்கை வைத்துக்கொண்டு, ஒரே சாய்வில், இடையில் நிறுத்தாமல், குடுவைக்கு ஊற்றுங்கள். வண்டல் கழுத்துக்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள். மிகப் பழையது என்றால் குடுவையும் வேண்டாம். திறந்து வைத்துவிட்டு நேரடியாகக் கோப்பைக்கே ஊற்றலாம். முப்பது வருடம் அடைபட்டுக் கிடந்தது அரை மணி நேரத்தில் மலர்ந்து, ஒரு மணி நேரத்தில் வாடிவிடுவதும் உண்டு.

"அறை வெப்பநிலையில் பரிமாறவும்" என்ற குறிப்பு குளிர்நாட்டு அறைக்குச் சொன்னது. 16–18 டிகிரி வேண்டும். குளிர்பெட்டி இல்லாவிட்டால் அரை மணி நேரம் பிரிட்ஜில் வைத்து எடுங்கள். வயிறு அகன்ற பெரிய கோப்பை வேண்டும். சின்ன கோப்பையில் நெப்பியோலோவின் மணம் வராது.

அமரோனேயும் இதே வழியில் முதிருமா?

அது வேறு பிறவி. வல்பொலிச்செல்லாவில் கொர்வீனா முதலிய திராட்சைகளைப் பறித்து, காற்றோட்டமான பரண்களில் தட்டுகளில் பரப்பி மூன்று நான்கு மாதம் வாடவிடுகிறார்கள். எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். சர்க்கரை செறிந்த அந்தப் பழத்தை நொதிக்கவைத்தால் 15, 16 சதவீத ஆல்கஹாலோடு வருகிறது அமரோனே. காய்ந்த அத்தி, உலர்திராட்சை, கோகோ என்று சுவை இருக்கும். இருபது வருடம் தாங்கும். ஆனால் பரோலோ முதிரும்போது மெலிந்து மணமாவதுபோல் இது மெலியாது, கனமாகவே முதிரும். சின்னக் கோப்பையில், சாப்பாட்டின் முடிவில், பழைய பாலாடைக்கட்டியோடு குடிக்க ஏற்றது.

தவ்ராசி பற்றி ஒரு வரி சொன்னீர்கள். அதை எங்கே வைப்பது?

பரோலோவுக்குப் பக்கத்தில். அல்யானிகோ என்ற திராட்சை, நேப்பிள்ஸுக்குக் கிழக்கே அவெல்லினோ மலைகளில், எரிமலைச் சாம்பல் படிந்த மண்ணில் விளைகிறது. அக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும் பறிக்கிறார்கள். துவர்ப்பும் புளிப்பும் நெப்பியோலோவுக்குச் சளைத்ததல்ல, நிறம் இன்னும் அடர்த்தி. விலை பரோலோவைவிடப் பெரும்பாலும் வெகு குறைவு.

கம்பானியாவுக்கும் நமக்கும் பழைய உறவும் உண்டு. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் கிடைத்த ஒயின் ஜாடிச் சில்லுகளில் கம்பானியாவில் இருந்து வந்தவையும் இருக்கின்றன. யவனர் கலத்தில் வந்த தேறலில் ஒரு பகுதி இந்த மலைகளின் பக்கத்தில் இருந்து வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு தவ்ராசி குடிப்பது எனக்குத் தனி மகிழ்ச்சி.

என்ன சாப்பாட்டோடு குடிக்கலாம்?

லாங்கேயில் மாட்டிறைச்சியைப் பரோலோவிலேயே மணிக்கணக்கில் வேகவைத்த பிரசாத்தோ, முட்டை மஞ்சள்கரு நிறையச் சேர்த்த தயாரின் என்ற மெல்லிய பாஸ்தா, இலையுதிர்காலத்தில் அதன்மேல் சீவிய ஆல்பா வெள்ளை டிரஃபிள். கொழுப்பும் புரதமும் துவர்ப்பை அணைத்துக்கொள்ளும். நம் சமையலில் மிளகாய்க் காரம் அதிகமானால் ஆல்கஹால் எரியும், துவர்ப்பு கசக்கும். மிளகு தூக்கலாகவும் மிளகாய் குறைவாகவும் வைத்த ஆட்டுக்கறி வறுவல் எனக்கு நன்றாக ஒத்துப்போனது. புளிக்குழம்போடு வேண்டாம்.

மிச்சத்தை வைக்கலாமா?

இளம் பரோலோவைக் கார்க் போட்டுப் பிரிட்ஜில் வைத்தால் மறுநாள் இன்னும் நன்றாகக்கூட இருக்கும். பழையது அன்றே முடிய வேண்டும்.

தொடங்குகிறவர் எதை வாங்குவது?

லாங்கே நெப்பியோலோ. அதே திராட்சை, அதே குன்றுகள், பல நேரம் அதே விவசாயி, ஆனால் விலை பரோலோவில் பாதிக்கும் கீழே. இரண்டு மூன்று வருடத்திலேயே குடிக்கலாம். அதோடு ஒரு கியாந்தி கிளாசிகோ வாங்கி, ஒரே மாலையில் இரண்டையும் திறந்து நெப்பியோலோவும் சாஞ்சொவேசேயும் எங்கே பிரிகின்றன என்று பாருங்கள். பிடித்துப்போனால் அடுத்து ஒரு பார்பரெஸ்கோ, மூன்று பாட்டில். ஒன்றை இப்போதே திறங்கள். மற்ற இரண்டின் கழுத்திலும் நீங்கள் திறக்கப்போகிற வருடத்தை எழுதிச் சீட்டு கட்டி, குளிர்பெட்டியின் அடித்தட்டில், கைக்கு எளிதில் எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள்.